மலைக்கணக்கில் ஒரு பூ

செங்காந்தளுக்கு ஆபத்து ஒன்றுமில்லை என்றுதான் உலகக் கணக்கு சொல்கிறது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியல் அதைக் ‘கவலை குறைந்த’ இனங்களின் வரிசையில் வைத்திருக்கிறது. ஆப்பிரிக்காவின் பெரும்பகுதியிலும், இந்தியா, இலங்கை தொடங்கித் தென்கிழக்கு ஆசியா வரையிலும் தானாக வளர்கிற கொடி அது. சிம்பாப்வேயின் தேசிய மலர், தமிழ்நாட்டின் மாநில மலர், ஈழத்தவருக்குக் கார்த்திகைப்பூ. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரை மணல்மேடுகளில் களையாகவே பரவி, அதை எப்படி ஒழிப்பது என்று அங்கே மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். இப்படிப்பட்ட பூவுக்காகக் கல்வராயன் மலையில் ஏன் கவலைப்பட வேண்டும்?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓர் இனம் உலகத்தில் இருக்கிறதா என்பது ஒரு கணக்கு. அது இந்த மலையில் இருக்கிறதா என்பது இன்னொரு கணக்கு. முதல் கணக்கைக் காட்டி இரண்டாவதைப் போடாமலே விட்டுவிடுகிறோம். கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கு அந்த இரண்டாவது கணக்கைப் போட வேண்டிய கடமை மற்ற எந்த மாவட்டத்தையும்விட அதிகம் என்று நினைக்கிறேன்.

கொடியைக் கிட்டத்தில் பார்த்துவிட்டுப் பேசலாம். கச்சிராயபாளையத்திலிருந்து கோமுகி அணையைத் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறும் வழியில், ஐப்பசி மழை நாலு நாள் நின்று பெய்த பிறகு, சாலையோரப் புதர்களைப் பார்த்தபடி நடக்க வேண்டும். வண்டியில் போனால் தெரியாது. காந்தள் தானாக நிமிர்ந்து நிற்காது. ஏதாவது ஒரு செடியைப் பிடித்துக்கொண்டுதான் ஏறும். பிடிப்பதற்குத் தனியாகப் பற்றுக்கம்பி கிடையாது. இலையின் நுனியே நீண்டு மெலிந்து சுருண்டு அடுத்த சுள்ளியைப் பற்றிக்கொள்ளும். சூரை முள்ளிலும் காரைப் புதரிலும் அப்படிப் பற்றிப் பற்றி மேலே வந்து, வெயில் படுகிற இடத்தில் மொட்டு விடும்.

மொட்டு பச்சையாகத் தலைகீழாகத் தொங்கும். விரியும்போது ஆறு இதழ்களும் பின்பக்கமாக மடங்கி வானத்தைப் பார்த்து நிமிர்ந்துகொள்ளும். விளிம்பெல்லாம் நெளிவு. முதல் நாள் பச்சை கலந்த மஞ்சள். பிறகு நுனியிலிருந்து சிவப்பு இறங்க ஆரம்பிக்கும். சில நாளில் முழுப்பூவும் செக்கச்செவேல் என்று ஆகிவிடும். ஒரே கொடியில் மஞ்சளும் பாதிச் சிவப்பும் முழுச் சிவப்புமாகப் பூக்களைப் பார்க்கலாம். ஆறு மகரந்தத் தாள்களும் சுற்றிவர விரிந்து நிற்க, சூல்தண்டு மட்டும் அடியிலேயே செங்கோணமாக மடங்கி ஒரு பக்கமாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தன் மகரந்தம் தன்மேல் எளிதில் விழாதபடி பூ செய்துகொண்ட ஏற்பாடு அது. பட்டாம்பூச்சியோ தேன்சிட்டோ வேறு பூவிலிருந்து வர வேண்டும். வந்தால் காய் பிடிக்கும். காய் முற்றி வெடித்தால் உள்ளே ஆரஞ்சுச் சிவப்பில் விதைகள்.

மண்ணுக்கடியில் இருப்பதுதான் இந்தக் கதையின் மையம். கலப்பைபோல இரண்டு கிளையாகப் பிரிந்த கிழங்கு. முளைக்கும் கண் அதன் நுனியில் மட்டும் உண்டு. நுனி ஒடிந்தால் அந்தக் கிளை முளைக்காது. ஆண்டுதோறும் பழைய கிழங்கு வற்றிப்போய்ப் புதிய கிழங்கு அதன் இடத்துக்கு வரும். கோடையில் தரைக்கு மேலே ஒரு சுவடும் இராது. ஆடியிலோ ஆவணியிலோ மழை தொட்டபிறகுதான் முளை எட்டிப் பார்க்கும். விதை கீழே விழுந்தாலும் உடனே முளைப்பதில்லை, மாதக்கணக்கில் உறங்கும். முளைத்த செடி பூக்க மூன்று நான்கு ஆண்டாகும். ஆகவே புதரில் ஒரு கொடி பூத்திருக்கிறதென்றால், அந்த இடத்து மண்ணை யாரும் சில ஆண்டுகளாகத் தொடவில்லை என்று பொருள். நிலத்தைக் கிளறாமல் விட்டதற்கு அதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

கிழங்கிலும் விதையிலும் கோல்சிசின் என்ற நஞ்சு இருக்கிறது. உற்றுப் பார்த்தாலே கண் வலிக்கும் என்று சொல்லிக் குழந்தைகளைக் கிட்டே விடாமல் வைத்திருந்தார்கள் பாட்டிமார்கள். அந்த அச்சம் வீண்போகவில்லை. பூவையும் பிள்ளைகளையும் ஒன்றாகக் காப்பாற்றியது. கால்நடைகளும் பெரும்பாலும் வாய் வைப்பதில்லை. சித்த மருத்துவர்கள் முறையாகச் சுத்தி செய்யாமல் இதைத் தொடமாட்டார்கள்.

இனி, இந்த மாவட்டத்துக்கு ஏன் தனிக் கடமை என்று சொன்னேன் என்பதைப் பார்க்கலாம். ஆரிய அரசன் பிரகத்தத்தனுக்குத் தமிழ் அறிவுறுத்தக் கபிலர் பாடியது குறிஞ்சிப்பாட்டு என்பது மரபு. அதில் தலைவியும் தோழியும் பறித்துப் பாறைமேல் குவிக்கும் பூக்கள் 99. அந்த நீண்ட வரிசையில் முதலில் நிற்பது செங்காந்தள். தொல்காப்பியத்தில் வேலன் வெறியாடும் துறைக்கே காந்தள் என்று பெயர். முருகனுக்குரிய பூ, மலைக்குரிய பூ, காதலுக்குரிய பூ.

அந்தக் கபிலர் வாழ்க்கை முடிந்த இடமும் இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. பாரி இறந்த பிறகு அவன் மகளிரை அழைத்துக்கொண்டு அலைந்தவர், கடைசியாக வந்து சேர்ந்தது மலையமான் நாட்டுத் திருக்கோவிலூர். அங்கே பெண்ணையாற்றின் நடுவில் இருக்கும் பாறையைக் கபிலர் குன்று என்கிறார்கள். வடக்கிருந்து உயிர்விட்டார் என்பது ஒரு மரபு. பாரி மகளை மலையமானுக்குக் கொடுத்துவிட்டுத் தீப்புகுந்தார் என்கிறது திருக்கோவிலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள, முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு. முடிவு எப்படி நேர்ந்தது என்பதில் வேறுபாடு உண்டு. ஊரில் வேறுபாடு இல்லை. 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் பிரிந்தபோது திருக்கோவிலூரும் இங்கே வந்துவிட்டது. காந்தளை முதலில் வைத்துப் பாடிய புலவரின் குன்று மாவட்டத்தின் கிழக்கில், காந்தள் வளர்கிற மலை மேற்கில். இரண்டையும் ஒரே ஆட்சியர் அலுவலகம் ஆளுகிறது. இப்படி ஒரு பேறு வேறு எந்த மாவட்டத்துக்கு வாய்த்தது?

கல்வராயன் மலைக்கு வருவோம். வடக்கே சின்னக் கல்வராயன், தெற்கே பெரிய கல்வராயன். கிழக்குச் சரிவு கள்ளக்குறிச்சிக்கு, மேற்குப் பக்கம் கருமந்துறையோடு சேலத்துக்கு. கோமுகியும் மணிமுக்தாவும் இங்கே பிறக்கின்றன. மலையில் வாழ்கிறவர்கள் மலையாளி என்னும் பழங்குடியினர். தலைமுறை தலைமுறையாக ஜாகீர்தார்களுக்கு வரி கட்டி வாழ்ந்தவர்கள். அந்த ஆட்சி முற்றாக முடிந்து மலை அரசின் கைக்கு வந்தது 1976இல்தான். 1996இல்தான் அவர்கள் முதன்முறையாக வாக்களித்தார்கள் என்ற செய்தி, 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் இந்த மலையின் நிலைமை குறித்துத் தானாக முன்வந்து எடுத்த வழக்கில் வெளிப்பட்டபோது, சமவெளியில் இருந்த பலர் திடுக்கிட்டார்கள்.

அந்த ஆண்டு ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்தபிறகுதான் நாட்டின் கண் இந்தப் பக்கம் திரும்பியது. அதற்கு முன்னும் பின்னும் கல்வராயன் என்றால் செய்தியில் சாராய ஊறல், சந்தனக்கட்டை, ஆந்திரத்துச் செம்மரம் வெட்டப்போய்ப் பிடிபட்ட இளைஞர்கள். மலையைக் குற்றத்தின் பெயராலேயே கேட்டுப் பழகியவர்களுக்கு அங்கே ஒரு பூ இருப்பதும், அதற்கு ஒரு நிலைமை இருப்பதும் எப்படிப் புலப்படும்? தாவரவியலார்கள் மட்டும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். காம்பிள் தொடங்கி ஃபிஷர் முடித்த சென்னை மாகாணத் தாவரநூல் 1915 முதல் 1936 வரை வெளிவந்தது. திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராப்பினாட் உலர்தாவரகத்தை நிறுவிய கே. எம். மேத்யூ அடிகள் இந்தக் குன்றுகளில் ஏறி இறங்கிச் சேகரித்தவற்றைக் கொண்டு 1980களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுக் கர்நாடகப் பகுதியின் தாவரநூலைத் தொகுதி தொகுதியாகக் கொண்டுவந்தார். காய்ந்த மாதிரியும் எண்ணும் தேதியும் அங்கே இருக்கின்றன. உயிருள்ள கொடி எங்கே எத்தனை நிற்கிறது என்பதைத் தாவரகத்தின் அலமாரியில் தேட முடியாது. மலையில்தான் நடந்து பார்க்க வேண்டும்.

காந்தளை மலையிலிருந்து கீழே இறக்கியது அதன் நஞ்சு. கோல்சிசின் கீல்வாத வலிக்கு மருந்து. செல் பிளவுபடுவதைத் தடுக்கும் தன்மையால் பயிர்ப் பெருக்க ஆய்விலும் அதற்கு இடம் உண்டு. விதையில்லாத் தர்ப்பூசணி உருவானதில்கூட அதற்குப் பங்கிருக்கிறது. 2023 ஜூனில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, குறைந்த அளவு கோல்சிசினை இதயநோயாளிகளுக்குக் கொடுக்கவும் ஒப்புதல் தந்துவிட்டது. ஐரோப்பாவில் இந்த மருந்தை வேறொரு செடியிலிருந்து எடுத்தார்கள். நம் காந்தள் விதையில் அது தாராளமாகக் கிடைக்கும் என்று தெரிந்தபிறகு மூலனூர், தாராபுரம், கள்ளிமந்தயம், ஒட்டன்சத்திரம் வட்டாரத்துச் செம்மண் காடுகளில் கம்பிப் பந்தல்கள் எழுந்தன. வேதாரண்யம், ஜெயங்கொண்டம் பக்கங்களிலும் பயிராகிறது. அங்கே அது கண்வலிக்கிழங்கு. பூக்கும் பருவத்தில் காலை நேரத்தில் பெண்கள் வரிசை வரிசையாக நின்று, மகரந்தத்தை எடுத்துச் சூல்முடியில் கையால் தொட்டு வைப்பார்கள். பூச்சியை நம்பியிருந்தால் காய் கட்டுப்படியாகாது. விதை கிலோ ஆயிரக்கணக்கில் போன ஆண்டும் உண்டு, வாங்க ஆளில்லாமல் மூட்டை வீட்டில் கிடந்த ஆண்டும் உண்டு. விலையைச் சொல்கிறவர் வியாபாரி. அரசே கொள்முதல் செய்ய வேண்டும் என்று உழவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அந்தக் கோரிக்கை முழுக்க நியாயமானது.

இந்தப் பயிர்த்தொழிலை நான் குறை சொல்ல வரவில்லை. மருந்துக்காகக் காட்டைச் சூறையாடுவதைவிடத் தோட்டத்தில் விளைப்பது எவ்வளவோ மேல். ஆனால் தோட்டம் விதையால் தொடங்குவதில்லை, கிழங்கால் தொடங்குகிறது. விதை போட்டு மூன்று நான்கு ஆண்டு காத்திருக்க எந்த உழவரால் முடியும்? ஓர் ஏக்கர் நட நூற்றுக்கணக்கான கிலோ கிழங்கு வேண்டும். தொடக்கத்தில் அந்தக் கிழங்கெல்லாம் காட்டிலிருந்தும் வேலியோரங்களிலிருந்தும் தோண்டி வந்தவைதான். விலை ஏறுகிற ஆண்டில் புதிதாக நட வருகிறவர்கள் கூடுவார்கள். கிழங்குக்குத் தட்டுப்பாடு வரும். மலையடிவாரத்துக்கு ஆள் வரும். தோண்டுகிறவருக்குக் கிடைப்பது அன்றைய கூலி. பூத்த கொடியைப் பார்த்துக் குறித்துவைத்துக்கொண்டு தோண்டினால் பெரிய கிழங்கு கிடைக்கும். காய் வெடிக்கும்வரை காத்திருந்து, விதையை அங்கேயே உதிர்த்துவிட்டுத் தோண்டும்படி அவருக்குச் சொல்ல யாரும் இல்லை.

மலைமேல் நடக்கிற இன்னொன்று இதைவிட மெதுவானது, ஆழமானது. கல்வராயனில் இன்று பணம் பார்க்கிற பயிர் மரவள்ளி. கிழங்கு பிடுங்கும் பருவத்தில் லாரிகள் ஆத்தூர், சின்னசேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு இறங்கிக்கொண்டே இருக்கும். சாமையும் தினையும் கேழ்வரகும் போட்ட காலத்தில் கொல்லைக்குக் கொல்லை நடுவே முள்வேலியும் கல் திட்டும் புதரும் இருந்தன. காந்தளுக்கு அவைதான் வீடு. அடர்ந்த காட்டின் இருட்டில் அது பூக்காது. வெட்டவெளியில் ஏற ஏதுமில்லாமல் தரையில் படர்ந்து நசுங்கும். காடும் கொல்லையும் சந்திக்கிற அந்த ஓரம்தான் அதற்கு வேண்டும். மரவள்ளிக்காக ஓரம்வரை உழுது, கம்பி வேலி போட்டு, மிச்சம் தலைதூக்குகிறதைக் களைக்கொல்லி அடித்துக் காயவைத்தால், காந்தளுக்கு இடமே இல்லை. உயிர்வேலி நிற்கிற கொல்லையோரம் கொடி நிற்கிறது. கம்பி வேலி போட்ட இடத்தில் காணோம். இது நான் கண்ணால் பார்த்த வேறுபாடு. காப்புக்காட்டுக்குள் போனால் அங்கே உண்ணிச்செடி புகுந்து, சின்னப் புதர்களை மூடிவிடுகிறது.

மரவள்ளி போடுகிறவர்மேல் எனக்குக் கோபமில்லை. மகளின் கல்லூரிக் கட்டணத்தைச் சாமையில் கட்ட முடியாது. கடுக்காய் பொறுக்கியும் புளி உலுக்கியும் தேன் எடுத்தும் கிடைக்கிற காசு இடைத்தரகர் கைக்குப் போனபிறகு மிஞ்சுவது கொஞ்சம். காந்தளைக் காப்பாற்றும் பொறுப்பை அவர்கள் தலையில் மட்டும் ஏற்றுவது அநியாயம்.

சட்டம் என்ன சொல்கிறது? 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் தாவரங்களுக்குத் தனி இடம் கிடைத்தது 1991 திருத்தத்தில்தான். அப்போது பட்டியலிட்டவை ஆறே ஆறு. காந்தள் அவற்றில் இல்லை. பிற்பாடு, 2022 திருத்தத்தைத் தொடர்ந்து, நீலக்குறிஞ்சி காக்கப்படும் தாவரமானது. நல்ல செய்தி. காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் கிழங்கு தோண்டுவது 1882ஆம் ஆண்டின் வனச் சட்டப்படியே குற்றம்தான். ஆனால் காந்தள் பெரும்பாலும் நிற்கிற வேலியோரமும் பட்டா நிலமும் அந்தச் சட்டத்துக்கு வெளியே இருக்கின்றன. இன்னொரு தடைச் சட்டம் வந்தால் முதலில் வழக்கு பாய்வது கிழங்கைத் தூக்கிக்கொண்டு போகிற மலையாளி இளைஞன்மேல்தான். வாங்கிக் கிடங்கில் அடுக்குகிறவர் தப்பிவிடுவார். வன வழக்குகளால் ஏற்கெனவே நொந்துபோன மலைக்கு இன்னும் ஒரு வழக்கு வேண்டாம்.

வேறு வழி இருக்கிறது என்பதற்கு அமெரிக்காவின் ஜின்செங் ஒரு சான்று. அங்கே அப்பலாச்சியன் மலைக் காடுகளின் நிழலில் வளர்கிற சின்னச் செடி அது. கிழங்குக்குச் சீனாவில் பெரிய விலை. இருநூறு ஆண்டுக்கு மேலாகத் தோண்டித் தோண்டி மெலிந்துபோனபின், 1975இல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தார்கள். அதோடு நிற்கவில்லை. தோண்டும் உரிமையை மலைமக்களிடமிருந்து பறிக்காமல், தோண்டும் முறையை வகுத்தார்கள். பருவம் உண்டு. ஐந்து வயதுக்குக் குறைந்த செடியைத் தொடக்கூடாது. பழுத்த கனியின் விதையைத் தோண்டிய இடத்திலேயே புதைத்துவிட்டு வர வேண்டும் என்று பல மாநிலங்கள் கட்டாயமாக்கின. வாங்குகிற வியாபாரி பதிவு செய்துகொண்டு கணக்குக் காட்ட வேண்டும். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது, திருட்டு அங்கேயும் உண்டு. ஆனால் எந்த வட்டாரத்திலிருந்து எவ்வளவு போகிறது என்று அவர்களிடம் ஆண்டுக்கு ஆண்டு கணக்கு இருக்கிறது.

நம்மிடமும் அதற்கான கருவிகள் இல்லாமலில்லை. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம் ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு வைத்து, மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதச் சொல்கிறது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் காட்டின் உயிர்வளத்தைக் காக்கும் அதிகாரத்தையே கிராம சபைக்குத் தருகிறது. சிவப்புப் பட்டியல் போடுகிற அதே ஒன்றியம், ஓர் இனத்தை வட்டார அளவில் எப்படி மதிப்பிடுவது என்பதற்கும் வழிமுறை வகுத்துத் தந்திருக்கிறது. இவற்றை வைத்துக் கல்வராயனில் ஒரு கணக்கெடுப்பைத் தொடங்க ஆட்சியரின் ஓர் உத்தரவும், கள்ளக்குறிச்சி, சேலம் கல்லூரிகளின் தாவரவியல் மாணவர்களும், வழி காட்ட மலையாளி ஊர்ப் பெரியவர்களும் போதும். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் எடுக்க வேண்டும். வேறு மாதத்தில் போனால் ஒன்றும் கிடைக்காது. எங்கே கொடி நிற்கிறது, எங்கே காய் பிடிக்கிறது, எங்கே தோண்டிய குழி இருக்கிறது என்ற மூன்றையும் குறித்தாலே அடுத்த ஐந்தாண்டில் நிலைமை தெளிந்துவிடும். உயிர்வேலி வைத்திருக்கிற கொல்லைக்காரருக்கு ஊக்கத்தொகை தரலாம். மலையிலேயே விதை முளைக்கவைத்துக் கிழங்கு விளைக்கும் நாற்றங்காலை மகளிர் குழுக்களிடம் கொடுத்தால், மூலனூர் உழவருக்கு நல்ல நடவுக் கிழங்கும் கிடைக்கும், மலைக்கு வருமானமும் கிடைக்கும்.

கொங்கு நாட்டு உழவருக்கும் இதில் சொந்த நலன் உண்டு. கிழங்கால் பெருக்கிய பயிர் பெரும்பாலும் ஒரே சாயல் கொண்டது. நோய் வந்தால் பந்தல் பந்தலாகத் தாக்கும். நாளைக்கு நோய் தாங்கும் இரகம் தேவைப்படும்போது தேடிப்போக வேண்டியது காட்டுக் கொடிகளைத்தான். கல்வராயன் கொடியும் சேர்வராயன் கொடியும் கொல்லிமலைக் கொடியும் தனித்தனி மண்ணிலும் மழையிலும் நெடுங்காலம் வளர்ந்து தேறியவை. ஒரு மலையில் அறுந்தால் அதை இன்னொரு மலையிலிருந்து கொண்டுவந்து ஈடுகட்ட முடியாது.

மாநில மலர் என்று பள்ளிப் புத்தகத்தில் படம் போடுகிறோம், பூங்காக்களில் நடுகிறோம். அது தானாக முளைக்கிற மலையில் அதற்கு என்ன நிலை என்று கேட்கும் பொறுப்பை அந்தப் பட்டம் அரசுக்கும் தருகிறது, நமக்கும் தருகிறது.

வரும் கார்த்திகையில் நீங்கள் வெள்ளிமலைக்கோ கரியாலூருக்கோ போகிறீர்கள் என்றால், வண்டியை நிறுத்திவிட்டுக் கொஞ்ச தூரம் நடந்து பாருங்கள். பூவைப் பார்த்தால் பறிக்காதீர்கள், கிழங்கைத் தொடாதீர்கள். அந்த ஊர்க்காரரிடம் இடத்தைச் சொல்லி, ஊராட்சியின் பல்லுயிர்ப் பதிவேட்டில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். தோட்டத்துக்காகக் கிழங்கு வாங்குகிறவர்கள், அது எங்கே விளைந்தது என்று விற்கிறவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். காட்டிலிருந்து வந்தது என்றால் வாங்காதீர்கள்.